புறா வரைந்தது போதும்: சமாதானத்துக்கு உழைத்தவர்களைப் பிள்ளைகளுக்குக் காட்டுவது எப்படி

செப்டெம்பர் 21 நெருங்கும்போது வீட்டுக்கு வீடு வெள்ளை பிரிஸ்டல் போர்ட் வாங்குவார்கள். சர்வதேச சமாதான தினம். பிள்ளைகள் புறா வரைவார்கள், அதன் வாயில் ஒரு இலையை வைப்பார்கள், கீழே காந்தி, மண்டேலா, அன்னை தெரேசா என்று மூன்று படம் ஒட்டி, பிறந்த ஆண்டு, இறந்த ஆண்டு, வாங்கிய விருது எல்லாவற்றையும் போனைப் பார்த்து எழுதுவார்கள். அடுத்த நாள் அந்த போர்ட் அலுமாரிக்குப் பின்னால் போய்விடும். நானும் நாலு வருடம் இதையேதான் செய்வித்தேன், ஆகவே யாரையும் குறை சொல்லும் தகுதி எனக்கு இல்லை.

நான் ஓய்வு பெற்ற ஆசிரியை. சனிக்கிழமைகளில் திருகோணமலையில் என் வீட்டு விறாந்தையில் ஒரு சின்ன வாசிப்பு வட்டம் நடக்கிறது. தரம் 7 முதல் ஓ.எல். (சாதாரண தரப் பரீட்சை) வகுப்பு வரை பத்துப் பதினைந்து பிள்ளைகள், டவுனில் இருந்தும் பாலையூற்று, ஜமாலியாப் பக்கத்தில் இருந்தும் வருவார்கள், அபயபுரவில் இருந்து இரண்டு சிங்களப் பிள்ளைகளும் உண்டு. ஒரு நாள் ஜமாலியாப் பிள்ளை ஒருத்தி போர்டைப் பார்த்துக்கொண்டே கேட்டாள்: "டீச்சர், இவங்க எல்லாம் மௌத்தாப் போன ஆக்கள். உயிரோட ஒருத்தரும் இல்லையா, நம்மட பக்கத்துல?"

அதற்குப் பிறகுதான் முறையை மாற்றினேன். உங்கள் பள்ளிக்கூடத்திலோ அறநெறி வகுப்பிலோ மத்ரஸாவிலோ வீட்டிலோ இதைச் செய்து பார்க்க நினைத்தால், நான் கண்ட வழி இது. நான் பிழை விட்ட இடங்களையும் சேர்த்தே எழுதுகிறேன்.

யாரைத் தேர்வது

விருதுப் பட்டியலில் தொடங்காதீர்கள். நான் அப்படித்தான் தொடங்கினேன், ஆங் சான் சூ கியின் படத்தை ஒட்டினேன். 1991இல் நோபல் சமாதானப் பரிசு பெற்றவர், வருடக்கணக்கில் வீட்டுக் காவலில் இருந்தவர், வேறென்ன வேண்டும்? 2017இல் மியன்மார் இராணுவத்தின் நடவடிக்கைக்குத் தப்பி ஏழு லட்சத்துக்கும் அதிகமான ரோஹிங்யா முஸ்லிம்கள் வங்கதேசத்துக்கு ஓடினார்கள். 2019 டிசம்பரில் ஹேக் நகரில் உள்ள சர்வதேச நீதிமன்றத்துக்குப் போய், இனப்படுகொலைக் குற்றச்சாட்டுக்கு எதிராகத் தன் நாட்டுக்காக வாதாடியவர் அதே அம்மணிதான். என் வட்டத்தில் பாதிப் பேர் முஸ்லிம் பிள்ளைகள். படத்தைக் கழற்றிவிடலாமா என்று கேட்டார்கள். கழற்றவில்லை, கீழே இரண்டு கதையையும் எழுதச் சொன்னேன். அந்த வருடம் அவர்கள் உண்மையில் யோசித்து எழுதிய ஒரே பக்கம் அதுதான்.

இப்போது ஒரு பெயர் வந்தால் இரண்டு கேள்விதான் கேட்கிறேன். இந்த மனிதர் எதை இழக்கத் துணிந்தார்? தன்னுடைய ஆட்களிடமே "இது வேண்டாம்" என்று சொன்ன நாள் ஒன்று உண்டா? இரண்டாவதுதான் முக்கியம். எதிர்ப் பக்கத்தைத் திட்ட எல்லாராலும் முடியும், கைதட்டலும் கிடைக்கும். சொந்தப் பக்கத்தை மறித்தவருக்குக் கைதட்டல் கிடைப்பதில்லை, அதனால் அவர் பெயர் பட்டியல்களிலும் வருவது குறைவு, நாம்தான் தேடிப் பிடிக்க வேண்டும்.

சந்திர சிங் கர்வாலி என்று ஒருவர். 1930 ஏப்ரல் 23, பெஷாவரில் கிஸ்ஸா கவானி கடைத்தெரு. எல்லைக் காந்தி என்று நாம் சொல்லும் கான் அப்துல் கபார் கானைக் கைது செய்ததை எதிர்த்துப் பட்டாணியர்கள் திரண்டு நிற்கிறார்கள், கையில் ஆயுதம் இல்லை. சுடச் சொல்லி உத்தரவு. பிரிட்டிஷ் இந்தியப் படையின் கர்வால் ரைபிள்ஸ் ஆட்கள், இந்துக்கள், சுட மாட்டோம் என்று நின்றுவிட்டார்கள். அன்று அந்தத் தெருவில் வேறு படையினர் சுட்டார்கள், நிறையப் பேர் செத்தார்கள், அதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். அவர்களை முன்னின்று நடத்திய கர்வாலிக்குச் சிறை. "அப்ப அவர் சுடாம விட்டதால என்ன பிரயோசனம்?" என்று ஒரு பொடியன் கேட்டான். நான் பதில் சொல்லவில்லை, மற்றப் பிள்ளைகள் அரை மணித்தியாலம் சண்டை பிடித்தார்கள். அப்படி விடுங்கள்.

வாழ்க்கை வரலாறு வேண்டாம், ஒரு பொழுதைச் சொல்லுங்கள்

பிறந்தார், படித்தார், போராடினார், விருது பெற்றார் என்று சொன்னால் பிள்ளைகளுக்குக் கொட்டாவிதான் வரும். ஒரு இடம், ஒரு பொழுது, ஒரு முடிவு. அவ்வளவுதான் சொல்ல வேண்டும். எனக்கு எப்போதும் கைகொடுப்பது லேமா குபோவியின் கதை, காரணம் அதில் மீன் சந்தை வருகிறது, திருமலைப் பிள்ளைக்கு மீன் சந்தை என்றால் மணமே வந்துவிடும்.

லைபீரியா, மேற்கு ஆப்பிரிக்கா, 2003. உள்நாட்டுப் போர், சின்னப் பொடியன்கள் கையில் துவக்கு. குபோவி ஒரு சமூகப் பணியாளர், பிள்ளைகளின் தாய். தேவாலயப் பெண்களைக் கூட்டினார், பிறகு முஸ்லிம் பெண்கள் வந்து சேர்ந்தார்கள். சேர்ந்து நிற்பது சும்மா நடக்கவில்லை. கிறிஸ்தவப் பெண்கள் சிலருக்கே அது தயக்கமாக இருந்தது, தங்கள் விசுவாசத்துக்கு இழுக்கு வந்துவிடுமோ என்று. இந்த இடத்தில் கொஞ்சம் நில்லுங்கள். நம் பிள்ளைகளுக்கு இந்தத் தயக்கம் வீட்டிலேயே பழக்கமானது, பேச விடுங்கள். பிறகு மொன்ரோவியா நகரில் மீன் சந்தைக்குப் பக்கத்து வெளி, ஜனாதிபதியின் வாகன வரிசை போய்வரும் பாதை. வெள்ளை உடுப்போடு நாள்கணக்கில் உட்கார்ந்தார்கள், வெயில், மழை எல்லாம் அங்கேயே. ஜனாதிபதி சார்ல்ஸ் டெய்லர் கடைசியில் சந்திக்க இணங்கினார், பேச்சுவார்த்தை கானா நாட்டின் அக்ராவில் தொடங்கியது, வாரக்கணக்கில் இழுபட்டது. பேச வந்த பெரிய மனிதர்கள் ஹோட்டலில் தங்கி நன்றாகச் சாப்பிட்டுக்கொண்டிருக்க, ஊரில் ஷெல் விழுந்துகொண்டிருந்தது. பெண்கள் மண்டப வாசலில் கையைக் கோத்துக்கொண்டு குந்திவிட்டார்கள்: ஒப்பந்தம் வராமல் ஒருத்தரும் வெளியே போகக் கூடாது.

காவலர்கள் குபோவியைக் கைது செய்ய வந்தபோது அவர் தன் உடுப்பைக் கழற்றத் தொடங்கினார். தரம் 7க்கு இதை எப்படிச் சொல்வது என்று முதல் தடவை தடுமாறிப் போனேன். பிறகு, நம் ஊரில் ஒரு தாய் தெருவில் நின்று மண் அள்ளித் தூற்றினால் எப்படி இருக்கும் என்று கேட்டேன். அங்கே ஒரு தாய் அப்படிச் செய்வது ஆண்களுக்குச் சாபம். பிள்ளைகளுக்கு உடனே விளங்கியது. 2003 ஆகஸ்ட் 18இல் சமாதான ஒப்பந்தம் கையெழுத்தானது. 2011இல் நோபல் கிடைத்ததை ஒரே வரியில் சொல்லிவிட்டு விடுங்கள், அதைப் பெரிதாக்கினால் கதை விருதில் போய் முடிந்துவிடும்.

கதையை வாசலில் நிறுத்திவிட்டு "நீ என்ன செய்திருப்பாய்?" என்று கேட்கலாம், எல்லாரும் கேட்பதுதான். நான் கேட்பது வேறு: "அந்த வாசலில் உன் அம்மா இருந்தால் வீட்டில் யார் சமைப்பது?" சிரிப்பார்கள், பிறகு யோசிப்பார்கள். சமாதானத்துக்குப் போனவர் வீட்டில் உலை வைத்தது யார் என்பது எந்தப் போர்டிலும் எழுதப்படுவதில்லை.

நாட்டுக்குள்ளே வரும்போது

இங்கேதான் கை நடுங்கும். வெளிநாட்டுக் கதை எவரையும் சுடாது, நம் நாட்டுக் கதை சுடும். பெரிய பிள்ளைகளுக்கு மட்டும் சொல்லுங்கள், ஆனால் சொல்லாமல் விடாதீர்கள்.

புறா வரையும் அதே செப்டெம்பர் 21, 1989இல் யாழ்ப்பாணத்தில் ராஜினி திராணகம சுட்டுக் கொல்லப்பட்ட நாள். பல்கலைக்கழகத்தில் உடற்கூற்றியல் கற்பித்த மருத்துவர், சைக்கிளில் வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்தார், வயது 35. புலிகள் இயக்கத்தோடு அனுதாபம் கொண்டிருந்தவர்தான். பிறகு இராணுவம், இந்திய அமைதிப் படை, இயக்கங்கள் என்று எவர் செய்த கொடுமையையும் விடாமல் பதிவு செய்யத் தொடங்கினார். மனித உரிமைகளுக்கான பல்கலைக்கழக ஆசிரியர்கள் அமைப்பைத் தொடங்கியவர்களில் ஒருவர், 'முறிந்த பனை' நூலை எழுதிய நால்வரில் ஒருவர். கணவர் சிங்களவர். கொலைக்குப் புலிகள் மீதே பரவலாகக் குற்றம் சாட்டப்பட்டது. இதைச் சொன்ன அடுத்த நாள் ஒரு தகப்பன் வந்து, ஏன் டீச்சர் நம்மட பக்கத்தையே குறை சொல்லிக் குடுக்கிறீங்கள் என்று கேட்டார். கோபமாகக் கேட்கவில்லை, வருத்தமாகத்தான் கேட்டார். என் இரண்டாவது கேள்வியை அவரிடம் சொன்னேன். அவர் ஒத்துக்கொள்ளவில்லை, ஆனால் மகளைத் தொடர்ந்து அனுப்புகிறார். எனக்கு அது போதும்.

அதற்கு ஈடாக மற்றப் பக்கத்தில் இருந்தும் ஒருவர் இருக்க வேண்டும். விசாகா தர்மதாச, சிங்களத் தாய், இராணுவத்தில் இருந்த மகன் 1998இல் போரில் காணாமல் போனார். பழி கேட்டுக் கிளம்பவில்லை, போரால் பாதிக்கப்பட்ட பெண்களைச் சேர்த்து அமைப்புக் கட்டினார், வன்னிக்குப் போய்ப் புலிகளோடேயே பேசினார். எங்கள் வட்டத்துச் சிங்களப் பிள்ளைகளுக்கு இந்தப் பெயர் தெரியாது என்றபோது எனக்கு ஆச்சரியமாக இருந்தது, பிறகு நம் பிள்ளைகளுக்கும் ராஜினியைத் தெரியாதே என்று நினைத்துக்கொண்டேன்.

விபுலாநந்த அடிகளையும் சேர்க்கலாம். திருகோணமலை இந்துக் கல்லூரியில் அதிபராக இருந்தவர் என்பதால் ஊர்ப் பெரியவர்களுக்கு உடனே பிடிக்கும். ஆனால் சிலைக்கு மாலை போடும் அடிகளாரைச் சொல்லாதீர்கள், சிதம்பரத்தில் பேராசிரியராக இருந்தபோது பக்கத்துச் சேரிக்குப் போய்ப் பிள்ளைகளுக்குக் கற்பித்த அடிகளாரைச் சொல்லுங்கள். பன்முகம் என்றால் மதமும் மொழியும் மட்டும்தானா, சாதி எங்கே போனது என்று பிள்ளைகள் கேட்காவிட்டால் நீங்களே கேளுங்கள்.

ஊருக்குள்ளே

முதலில் ஒரு நடை. கடற்கரைப் பக்கம் காந்தி சிலைக்குக் கூட்டிக்கொண்டு போங்கள். 2006 ஜனவரி 2ஆம் திகதி மாலை ஐந்து மாணவர்கள் சுட்டுக் கொல்லப்பட்டது அந்தச் சிலைக்குப் பக்கத்தில். அவர்களில் ஒருவரின் தகப்பன், மருத்துவர், வாயை மூடிக்கொண்டு இருக்கச் சொன்ன மிரட்டலுக்குப் பிறகும் சாட்சி சொன்னார், ஊரை விட்டுப் போக நேர்ந்தது, ஜெனீவா வரை போய் நீதி கேட்டார். அவரும் சமாதானத்துக்கு உழைத்தவர்தானா என்று பிள்ளைகளிடம் கேட்டேன். சமாதானம் என்றால் சத்தம் போடாமல் இருப்பது என்று நினைத்திருந்த பிள்ளைகள் குழம்பிப் போனார்கள், நல்லது. அதே ஆண்டு ஆகஸ்டில் மூதூரில் தொண்டு நிறுவனப் பணியாளர்கள் 17 பேர் கொல்லப்பட்டார்கள், 16 தமிழர், ஒரு முஸ்லிம். சுனாமியில் பாதிக்கப்பட்டவர்களுக்கு உதவ வேலைக்குச் சேர்ந்தவர்கள். இதற்கு மேல் அங்கே நின்று நான் பேசுவதில்லை. கடலை வாங்கிக் கொடுத்து, மான்களைப் பார்த்துவிட்டுத் திரும்பி வருவோம்.

பிறகுதான் அந்தப் பிள்ளை கேட்ட உயிரோடு இருக்கும் ஆட்கள். எங்கள் மாவட்டத்தில் முஸ்லிம், தமிழர், சிங்களவர் மூவரில் எவரும் பாதியைத் தாண்டவில்லை, ஆகவே ஒவ்வொரு தெருவிலும் ஏதோ ஒரு நாள் எவரோ கதவைத் திறந்திருக்கிறார்கள் அல்லது மூடியிருக்கிறார்கள். தேடும்போது "நல்லிணக்கம்" என்ற சொல்லை மட்டும் எடுக்காதீர்கள். அந்தச் சொல்லைக் கேட்டதும் ஆட்கள் செயலமர்வில் பேசுவது போலப் பேசத் தொடங்கிவிடுவார்கள், "நாங்கள் எல்லாரும் ஒற்றுமையாத்தான் இருந்தம்" என்று ஒரே வசனம் வரும், வீட்டுக்கு வந்து பார்த்தால் கொப்பியில் ஒன்றும் இருக்காது. இப்படிக் கேளுங்கள்: "அண்டைக்கு ராத்திரி எங்க படுத்தீங்கள்?" "யார் சாப்பாடு கொண்டு வந்தது?" "உங்கட ஆக்கள் அதுக்கு என்ன சொன்னவை?" மூன்றாவது கேள்வியில்தான் கதை இருக்கிறது.

எங்களுக்குக் கிடைத்த முதல் ஆள் கிண்ணியாப் பாதையில், அதாவது ஆட்களை ஏற்றித் தண்ணீரைக் கடக்கும் மிதவையில், வேலை செய்த ஒரு பெரியவர். 2009இல் பாலம் திறக்கும்வரை அந்தப் பாதையில் ஏறித்தான் எல்லாரும் கடந்தோம். ஊர் கொதித்துக்கொண்டிருந்த ஒரு கிழமையில், அந்தப் பக்கத்து ஆக்களை ஏற்ற வேண்டாம் என்று அவருடைய ஆக்களே சொன்னார்களாம். ஏற்றினார். ஏன் என்று பிள்ளைகள் கேட்டதற்கு, "ஏறி நிண்டவங்க கையில சின்னப் புள்ள இருந்திச்சி" என்றார். அவ்வளவுதான். வேறு விளக்கம் இல்லை, நாமும் கேட்டு நீட்டக் கூடாது.

போகும்போது இரண்டு பிள்ளைகளாக அனுப்புங்கள், வேறு வேறு சமூகத்துப் பிள்ளைகள், கூட ஒரு பெரியவர். வெள்ளிக்கிழமை நடுப்பகல் வேண்டாம், போயா (பௌர்ணமி) நாளில் சிங்கள வீட்டுக்குப் போக வேண்டுமென்றால் முதலே கேட்டுக்கொள்ளுங்கள், நோன்பு காலத்தில் பின்னேரம் நாலு மணிக்குப் போய் நிற்காதீர்கள், அது வீட்டுப் பெண்களுக்குக் கஞ்சி காய்ச்சும் நேரம். போனில் பதிவு செய்வதென்றால் முதலில் அனுமதி, மறுத்தால் போனை மேசையில் கவிழ்த்து வையுங்கள், பையில் போட்டால் சந்தேகம் வரும். முறை சொல்லிக் கூப்பிடுவதையும் முன்பே பேசிக்கொள்ளுங்கள். எங்களுக்கு நடந்த கூத்து: "தாத்தா" என்று ஒரே சொல்லை மூன்று பிள்ளைகள் சொன்னார்கள். தமிழ்ப் பிள்ளைக்கு அது அம்மாவின் அப்பா, சிங்களப் பிள்ளைக்கு அது அப்பா, முஸ்லிம் பிள்ளைக்கு அக்கா. பதினைந்து நிமிடம் யார் யாருடைய யார் என்று தெரியாமல் கதை கேட்டிருக்கிறோம். மனிதர் வேற்றுமை பற்றி நான் எடுத்த வகுப்புகள் எல்லாவற்றையும் விட அது நல்ல வகுப்பு.

ஒரு விதியும் வைத்துப் பார்த்தேன்: ஒவ்வொரு பிள்ளையும் தன் சமூகம் அல்லாத ஒருவரைக் கொண்டு வர வேண்டும். நல்ல விதி என்று நினைத்தேன். தமிழ்ப் பிள்ளைகள் ஏ.ஆர்.ரஹ்மானோடு வந்தார்கள், முஸ்லிம் பொடியன்கள் மூன்று பேர் முரளிதரனோடு. 800 விக்கெட் எடுத்தது சமாதானப் பணியா என்று கேட்டால், "அவர் பந்து போடேக்க ஸ்ரீ லங்காவில எல்லாரும் ஒரே பக்கம்தானே டீச்சர்" என்கிறான். பதில் இல்லை. இப்போது விதியைக் கொஞ்சம் மாற்றி, அந்த ஆள் பஸ் ஏறிப் போய்ச் சந்திக்கக்கூடியவராக இருக்க வேண்டும் என்று சேர்த்துவிட்டேன்.

சிக்கல் வரும். 2018இல் பள்ளிக்கூடத்தில் முஸ்லிம் ஆசிரியைகள் அபாயா அணிவது பற்றி நம் ஊரில் கிளம்பிய சண்டை நினைவிருக்கும். அந்த மாதம் என் வட்டத்துக்கு நாலு பேர்தான் வந்தார்கள். நான் ஒன்றும் பேசவில்லை, வாசிப்பை மட்டும் நடத்தினேன், அது கோழைத்தனமா என்று இன்னும் யோசிக்கிறேன். என் சொந்த ஆட்களிடம் "வேண்டாம்" என்று சொல்ல வேண்டிய கேள்வி எனக்கே வந்தபோது நான் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டிருந்தேன். பிள்ளைகளுக்கு இதையும் சொல்லியிருக்கிறேன். முன்னால் நிற்பவர் தன்னைப் பெரிய ஆள் மாதிரிக் காட்டிக்கொண்டு இந்தப் பாடத்தை எடுக்கவே முடியாது.

எழுதுவதும் திருப்பிக் காட்டுவதும்

ஒரு ஆளுக்கு ஒரு ஏ4 பக்கம், அதற்கு மேல் வேண்டாம். ஒரு பொழுது, இரண்டு கேள்விக்கும் பதில், அந்த ஆள் சொன்ன ஒரு வசனம் அவர் சொன்னபடியே, பேச்சு வழக்கைத் திருத்தாமல். தமிழில் ஒரு தாள், சிங்களத்தில் ஒரு தாள். கூகுள் மொழிபெயர்ப்பை அப்படியே ஒட்டாதீர்கள், பக்கத்து வீட்டுச் சிங்கள அம்மாவிடம் ஒரு தடவை காட்டினால் போதும். படத்துக்கு முகம் வேண்டாம் என்று சொன்னவர்களுக்குக் கையை, கதவை, படகைப் படம் எடுங்கள். கடல்காற்றில் பிரிஸ்டல் போர்ட் ஊதிப் போகும், லெமினேட் செய்து கயிற்றில் தொங்கவிடுவது மலிவும் கூட.

எல்லாம் முடிந்த பிறகு, தொங்கவிடுவதற்கு முன், தாளைக் கொண்டுபோய் அந்த ஆளிடமே வாசித்துக் காட்ட வேண்டும். இதை நாங்கள் முதல் வருடம் செய்யவில்லை, ஒரு வீட்டில் பிரச்சினையாகிவிட்டது. இரண்டாம் வருடம் பாலையூற்றுப் பக்கத்தில் தையல் தைக்கும் ஒரு அம்மாவின் கதை. இரண்டு நாள் ஒரு முஸ்லிம் குடும்பத்தைத் தன் வீட்டு உள்ளறையில் வைத்திருந்தவர், அதற்காகச் சொந்த மச்சானோடு பேச்சு முறிந்தவர். பிள்ளைகள் அழகாக எழுதியிருந்தார்கள். அவர் மெஷினை நிறுத்திவிட்டு முழுவதையும் கேட்டார், பிறகு மச்சான் வரும் பகுதியை எடுத்துவிடச் சொன்னார். போன மாதம்தான் அவர் வீட்டுக் கல்யாணத்துக்கு அழைப்பு வந்ததாம். பிள்ளைகளுக்கு முகம் வாடிப்போனது, கதையில் நல்ல இடமே அதுதான். வெட்டினோம். அடுத்த சனிக்கிழமை புதுத் தாளைக் கொண்டுபோய்க் காட்டினோம், வாசித்துவிட்டுச் சரி என்றார். இந்த முறை பிளேன்டீ கிடைத்தது, இஞ்சி போட்டது.